கை எடுத்த பின்னும் ஒலித்த பாட்டு

1

இது மனதில் ஊறித் தானாகப் பொங்கிய கதை அல்ல. எழுதச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. ஒரு மதியம், ஒழுகுகிற சமையலறைக் குழாயில் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது இசைக் கல்லூரியின் முதல்வர் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், போன வருஷம் நம்ம பசங்க ஒரு நிதிக் கச்சேரி நடத்தினாங்களே, எல்லாப் பிள்ளைங்களுக்கும் இசைன்னு, அதை இந்த வருஷமும் வெக்கிறோம். மலர் ஒண்ணு போடறோம். ரெண்டு பக்கத்துக்கு ஒரு கதை குடுங்க. அந்த வீல்சேர் பொண்ணை வெச்சு."

"எந்த மாதிரி கதை சார்?"

"உங்களுக்குத் தெரியாததா? படிச்சா கண்ணுல தண்ணி வரணும்."

"வரும்" என்றேன். யார் கண்ணில் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தக் கச்சேரியில் நானும் உட்கார்ந்திருந்தேன். என் அக்கா மகள் அதில் வயலின் வாசித்தாள். அங்கே என்ன நடந்தது என்பது முதல்வருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

கோபத்தோடு எழுதக்கூடாது, ஆறவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று புதிதாக எழுத வருகிறவர்களுக்கு நானே உபதேசம் செய்திருக்கிறேன். ஒரு வருடம் ஆறவிட்டேன். ஆறவில்லை. எனவே இதை இப்படியேதான் பரிமாறப் போகிறேன்.

2

முதல் தொடக்கம்: "இசைக்கு எல்லைகள் இல்லை. குறை என்பது உடலில்தான், உள்ளத்தில்..."

வேண்டாம். இந்த வாக்கியம் எப்படி முடியும் என்று உங்களுக்கே தெரியும். தெரிந்த வாக்கியத்தை முடிப்பானேன்?

இரண்டாம் தொடக்கம்: "மழை பெய்து ஓய்ந்த ஒரு சனிக்கிழமைக் காலை..."

அன்று மழை பெய்யவில்லை. கதையில் கொஞ்சம் ஈரம் இருக்கட்டும் என்று நானாகப் பெய்யவைத்தது. நல்ல வெயில். புழுக்கம்.

சரி, நேராகவே சொல்கிறேன். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, ஸ்கூட்டர்கள் நிறுத்தும் கொட்டகை. பெட்ரோல் வாசனை. தரையில் விரித்த பிளாஸ்டிக் பாய். சனிக்கிழமை காலைகளில் வண்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கே ஓர் இசை வகுப்பு நடந்தது. நடத்தியவர்கள் நான்கு பேர்.

என் அக்கா மகள் வயலின். கல்லூரியில் கடைசி வருடம். எந்தக் கூட்டத்திலும் தானாகத் தலைமைக்கு வந்துவிடுகிற ரகம். யாரும் கேட்காமலே வருகைப் பட்டியல் எடுப்பாள். அவளோடு படிக்கும் 'ஊதல்' ட்ரம்பெட். பேச்சில் சாது, ஊதினால் மூன்றாவது மாடியில் ஜன்னல் சாத்துவார்கள். டிரம்ஸ் வாசிக்கும் 'இடி'. நான்காவது ஆள் ஊதலின் தங்கை. அவளுக்கு 'மகாராணி' என்று பெயர் வைத்தது அண்ணன்தான். லிஃப்ட் இல்லாத வீட்டில் சின்ன வயதிலிருந்து அவளை முதுகில் ஏற்றி மாடிப்படி ஏறி இறங்கியவன் அவன். "பல்லக்கு வந்துருச்சு, மகாராணி ஏறலாம்" என்று முதுகைக் காட்டுவான்.

மகாராணிக்குப் பதினெட்டு வயது. பிறந்ததிலிருந்து கால்கள் நடக்கவில்லை. வலது கை மடங்கியே இருக்கும். பேச்சு மெதுவாக, இழுத்து இழுத்து வரும். இடது கை அவள் சொன்னதைக் கேட்கும், ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்கும். அந்தக் கையால் கீபோர்டு வாசிப்பாள். இசைக் கல்லூரியில் சேர விண்ணப்பித்தாள். இரண்டு கையும் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

(இது அதே கல்லூரி. அதே முதல்வர். மலருக்கு எழுதும்போது இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அடிக்குறிப்பாகப் போடலாம், ரொம்பப் பொடி எழுத்தில்.)

வகுப்பில் இருபது பிள்ளைகள் இருப்பார்கள். பார்வை இல்லாத ஒரு பையன். அவன் அம்மா தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவர். பேசாத ஒரு சிறுமி. ஓர் இடத்தில் உட்காரவே முடியாத ஒருவன். அவன் கையில் கிலுகிலுப்பையைக் கொடுத்து, ஓடிக்கொண்டே வாசிக்க விட்டிருந்தார்கள். இவர்களோடு அந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் மற்ற பிள்ளைகளும். தனி பெஞ்சு, தனி நேரம், தனி மிஸ் என்று எதுவும் கிடையாது. வகுப்பின் ஒரே விதி அதுதான்.

சத்தம் தாங்கவில்லை என்று குடியிருப்பவர்கள் சங்கம் கொட்டகையைக் காலி செய்யச் சொன்னது. தரைத்தளத்தில் ஓர் அறை வேண்டும், மடியில் வைத்தும் காலால் தட்டியும் வாசிக்கிற மாதிரி வாத்தியங்கள் வேண்டும். அதற்கு நிதி திரட்டத்தான் கச்சேரி.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். மகாராணியை நீங்கள் நம்புவீர்களா?

இந்த மாதிரிக் கதைகளில் இந்த மாதிரிப் பெண்கள் எப்படி இருப்பார்கள் என்று நமக்குப் பழக்கமாகிவிட்டது. சிரித்த முகம். பொறுமை. முன்வரிசையில் இருப்பவர்கள் கைக்குட்டை எடுக்க வசதியாக ஒரு வசனம். என் முதல் வரைவில் அவள் அப்படித்தான் இருந்தாள். படித்துப் பார்த்தபோது எனக்கே அவளைப் பிடிக்கவில்லை.

உண்மையான மகாராணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தாளம் தப்பினால் பத்து வயதுப் பிள்ளை என்றும் பார்க்க மாட்டாள். "உனக்குக் காது இருக்குல்ல? அப்புறம் என்ன?" என்பாள். பார்வையில்லாத பையன், "எனக்குக் கண்ணுதான் இல்ல மிஸ்" என்பான். "அதனாலதான் சொல்றேன், காதையாவது ஒழுங்கா வெச்சுக்கோ" என்பாள். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அவன் அம்மா தையல்காரம்மா, வாசலில் பட்டன் தைத்துக்கொண்டே, "இவ ஒருத்திதான் என் புள்ளைய மனுசனா மதிச்சுத் திட்டுறா" என்பார்.

அவர்களுக்கென்று ஒரு பாட்டு இருந்தது. நால்வரும் சேர்ந்து அந்தக் கொட்டகையிலேயே அமைத்தது. இதை நான் சரியாக விளக்கியாக வேண்டும், இல்லையென்றால் பின்னால் நடப்பது புரியாது. மகாராணியின் இடது கை சில சமயம் உடனே இறங்கும், சில சமயம் காற்றிலேயே நின்று பிறகு இறங்கும். எப்போது என்று அவளுக்கே தெரியாது. எனவே பாட்டை அதற்கேற்ப அமைத்தார்கள். அவள் கை கட்டையைத் தொடும்வரை மற்ற மூவரும் பிடித்த சுரத்தை விடாமல் நிற்பார்கள். வயலின் இழுத்துக்கொண்டே இருக்கும். ட்ரம்பெட் மூச்சைப் பிடிக்கும். அவள் கை விழுந்ததும் எல்லாம் சேர்ந்து இறங்கும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு நீளத்தில் அந்தக் காத்திருப்பு வரும். அதுதான் பாட்டு. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சாதாரண மெட்டு.

4

முதல்வர் உற்சாகமாக அரங்கத்தைக் கொடுத்தார். கூடவே ஒரு புரவலரையும் பிடித்து வந்தார். பெரிய பெரிய கட்டடங்கள் கட்டுகிறவர். (அந்தக் கட்டடங்களில் எத்தனைக்குச் சாய்வுப் பாதை இருக்கிறது என்று நான் போய்ப் பார்த்தேன். இந்த அடைப்புக்குறியை இங்கேயே மூடிவிடுகிறேன்.)

முதல்வரின் திட்டம் எளிமையானது. கல்லூரி மாணவர்கள் வாசிப்பார்கள். கடைசியில் பிள்ளைகள் மேடைக்கு வந்து பூங்கொத்து கொடுப்பார்கள். கட்டடக்காரர் காசோலை கொடுப்பார். போட்டோ.

"பிள்ளைங்க வாசிக்கத்தானே சார் கச்சேரி?" என்று ஊதல் கேட்டான்.

"தரம்னு ஒண்ணு இருக்குப்பா. டிக்கெட் வாங்கி வர்றாங்க. அவங்க வாசிக்கிறதை வீடியோவுல ஒரு ரெண்டு நிமிஷம் காட்டிக்கலாம்."

பெரிய சண்டைக்குப் பிறகு ஒரு சமரசம். பிள்ளைகள் இல்லை, ஆனால் நால்வரின் பாட்டில் மகாராணி வாசிக்கலாம். ஊதலுக்கு இதில் உடன்பாடில்லை. "விட்டுரு, ஒரு ஆள் உள்ள போனா போதும், பின்னாடி எல்லாரும் போயிரலாம்" என்று சொன்னது மகாராணிதான்.

மேடைக்குச் சாய்வுப் பாதை கிடையாது. கட்டடக்காரர் தன் வேலை நடக்கும் இடத்திலிருந்து ஒரு மரப்பலகை அனுப்பினார். அன்று மாலைக்கு மட்டும். சிமெண்ட் கறை படிந்த பலகை. விழா அழைப்பிதழில் அதற்கும் நன்றி அச்சிட்டிருந்தார்கள்.

கச்சேரி அன்று மதியம் முதல்வர் என் அக்கா மகளைத் தன் அறைக்கு அழைத்தார். இது பிறகுதான் எனக்கு அவள் வாயாலேயே தெரியவந்தது.

"நீதான்மா இந்த குரூப்ல பொறுப்பான பொண்ணு. ஒரு சின்ன ஏற்பாடு. கீபோர்டு சார் திரைக்குப் பின்னாடி இன்னொரு கீபோர்டோட இருப்பார். அந்தப் பொண்ணு கை வரலைன்னா அவர் பார்த்துக்குவார். சேஃப்டிக்குத்தான்."

"அவகிட்ட சொல்லிடலாமே சார்?"

"எதுக்கு? மனசு கஷ்டப்படும். புரவலர் முன்னாடி ஏதாவது ஆச்சுன்னா நிதி போயிரும். அந்தப் பிள்ளைங்களை நினைச்சுப் பாரு."

அவள் அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாள். தலையாட்டினாள்.

5

அரங்கம் நிறைந்திருந்தது. நான் நடு வரிசையில், அக்காவுக்குப் பக்கத்தில். பலகை மேல் ஊதல் தங்கையைத் தள்ளிக்கொண்டு ஏறியபோதே கைதட்டினார்கள். இன்னும் ஒன்றும் வாசிக்கவில்லை. மேடை ஏறியதற்கே கைதட்டல். மகாராணி முகத்தைச் சுளித்தாள்.

பாட்டு தொடங்கியது. இடி மெல்லத் தட்ட, வயலின் வந்தது, ட்ரம்பெட் சேர்ந்தது. அந்தக் காத்திருப்பு வர வேண்டிய இடம். மகாராணி இடது கையைத் தூக்கினாள். கை காற்றில் நின்றது.

ஒலி வந்துவிட்டது.

அவள் விரல் கட்டையைத் தொடவில்லை. அரங்கத்தின் பெரிய ஒலிபெருக்கிகளில் கீபோர்டு, துல்லியமாக, தாளத்தில், கச்சிதமாக இறங்கியது. அவள் கையைப் பார்த்தாள். பிறகு கீபோர்டைப் பார்த்தாள். ஒரு கட்டையை அழுத்தினாள். எதுவும் கேட்கவில்லை. இன்னொன்று. அவளுடைய கீபோர்டு ஒலிபெருக்கிகளோடு இணைக்கப்படவே இல்லை. கை வராவிட்டால் மட்டும் என்று சொன்ன ஏற்பாடு, முதல் சுரத்திலிருந்தே நடந்துகொண்டிருந்தது.

மகாராணி கையைத் தலைக்கு மேலே, எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு உயரம் தூக்கினாள். அப்படியே வைத்திருந்தாள். கீபோர்டு ஒலித்துக்கொண்டே இருந்தது.

முதலில் ஊதல் நிறுத்தினான். அடுத்து இடி. என் அக்கா மகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு இழுத்துக்கொண்டிருந்தாள், பிறகு அவள் வில்லும் நின்றது. திரைக்குப் பின்னால் இருந்தவருக்கு மேடை தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. ஆளில்லாத கீபோர்டு அழகாக, தனியாக, தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது.

மகாராணி மைக்கை இழுத்தாள்.

"திரைக்குப் பின்னாடி இருக்கறவரே, நல்லா வாசிக்கறீங்க. வெளிய வாங்க."

அரங்கம் உறைந்தது. கீபோர்டு நின்றது.

[இந்தப் பகுதி தவறு. அப்போது எனக்குத் தெரியாது. தவறை அப்படியே விட்டுவைக்கிறேன். ஒன்பதாம் பகுதியில் இங்கே திரும்பி வருவோம்.]

6

அக்கா இன்று காலை அழைத்தாள். நான் எழுதிக்கொண்டிருப்பது அவள் காதுக்குப் போய்விட்டது. அக்கா மருந்துக் கடை வைத்திருக்கிறாள். ஊரில் எந்தச் செய்தியும் அவள் கவுண்டரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"அவளைப் பத்தியும் எழுதறியாமே?"

"அவ இல்லாம எப்படிக்கா எழுத முடியும்?"

"உன் மடியில வளர்ந்தவ. நாளைக்கு வேலைக்குப் போகணும், நாலு பேர் மூஞ்சியில முழிக்கணும். பேரு போடலைன்னாலும் தெரிஞ்சவங்களுக்குத் தெரியாதா? அந்த இடத்துல வேற யாரையாவது போட்டுக்கயேன். கதைதானே?"

கதைதானே. இருபது வருடங்களாக இந்தச் சொல்லை நான் என் குடும்பத்திலிருந்து கேட்டுவருகிறேன். வயலினுக்குப் பதில் புல்லாங்குழல் வைத்துவிடலாம். அக்கா மகளுக்குப் பதில் பணக்கார வீட்டுத் திமிர் பிடித்த ஒரு பெண்ணைப் போடலாம். உங்களுக்கும் திட்ட வசதியாக இருக்கும். முதல்வரை இன்னும் கொஞ்சம் கறுப்பாகத் தீட்டலாம்.

ஆனால் எனக்குக் கோபம் முதல்வர் மேல் மட்டும் இல்லை. அவரைப் போன்றவர்கள் எங்கும் உண்டு. எனக்குக் கோபம், நல்ல பெண் ஒருத்தி நல்ல காரணத்துக்காகத் தலையாட்டியதில். சனிக்கிழமை தவறாமல் பாய் விரித்தவள் அவள். பேசாத அந்தச் சிறுமியின் கையைப் பிடித்து வில்லின் அதிர்வை உணரவைத்தவள். அவளைக் கெட்டவளாக எழுதினால் உங்களுக்குக் கதை புரிந்துவிடும், நடந்தது புரியாது.

"வேற யாரையும் போட முடியாதுக்கா" என்றேன்.

"அப்போ என் வீட்டுப் பக்கம் வராத" என்று வைத்துவிட்டாள். மாத்திரை மட்டும் வழக்கம்போல வந்து சேர்ந்தது, கடைப் பையன் மூலம். எனக்கு ரத்த அழுத்தம்.

7

கச்சேரியில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே நிதி சேர்ந்தது. கட்டடக்காரர் நெகிழ்ந்துபோய் இன்னொரு மடங்கு கொடுத்தாராம்.

அடுத்த சனிக்கிழமை கொட்டகையில் கூடினார்கள். பெற்றோர்கள், நால்வர், பார்வையாளராக நான். ஊதல் முதல் வாக்கியத்திலேயே தீர்ப்பு சொன்னான்.

"திருப்பிக் குடுத்துருவோம். என் தங்கச்சியைப் பொம்மையா உக்கார வெச்சுச் சம்பாதிச்ச காசு நமக்கு வேண்டாம்."

தையல்காரம்மா பட்டனை வாயிலிருந்து எடுத்தார். "திருப்பிக் குடுத்தா உங்களுக்குப் பெருமை தம்பி. நல்ல விஷயம். என் புள்ளைக்கு என்ன? அவன் எங்க போய் டிரம்ஸ் அடிப்பான்? என் தையல் மெஷின்லயா?"

"அதுக்காக..."

"எங்களைக் கேட்டா குடுத்தாங்க? எங்களைக் கேட்டா திருப்பிக் குடுக்கப் போறீங்க? எங்களைக் கேக்காம எல்லாம் நடக்குது. ரோஷமும் உங்களுக்குத்தான், நஷ்டம் மட்டும் எங்களுக்கா?"

கிலுகிலுப்பைப் பையன் எல்லோரையும் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான்.

"வாங்கிக்கலாம்" என்றாள் மகாராணி. "அவங்க வாங்குனது என் மூஞ்சிய. அறை எங்களுக்குத்தான் வேணும். வாங்கிக்கலாம்."

அப்போதுதான் என் அக்கா மகள் எழுந்தாள். முகம் வீங்கியிருந்தது. முதல்வர் அறையில் நடந்ததை எல்லார் முன்னாலும் சொன்னாள். ஊதலின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

"எனக்குத் தெரிஞ்சே நடந்துச்சு. கை வரலைன்னா மட்டும்தான்னு சொன்னாங்க. நான் உன்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். மன்னிச்சிரு."

மகாராணி அவள் பக்கம் திரும்பினாள்.

"மன்னிப்பெல்லாம் கேக்காத. கேட்டா நான் 'பரவால்ல'ன்னு சொல்லணும். சொல்ல மாட்டேன்."

"சரி. நான் போயிடறேன்."

"எங்க போற? அடுத்த வாரம் பசங்களுக்கு வயலின் யாரு சொல்லித்தருவா, உங்க முதல்வரா? ஒழுங்கா வந்து சேரு. என்கிட்ட மட்டும் பேசாத."

(இந்த இடத்தில் இருவரையும் கட்டிப்பிடிக்க வைக்காததற்காக என்னைச் சில வாசகர்கள் கோபிக்கலாம். வரிசையில் நில்லுங்கள். கோபத்தில் நான்தான் முதல்.)

அவர்களுக்குத் தரைத்தளத்தில் அறை கிடைத்தது. வகுப்பு நடக்கிறது. என் அக்கா மகள் சனிக்கிழமை தவறாமல் போகிறாள். ஒரு வருடமாக அவளும் மகாராணியும் சுதி, தாளம் தவிர வேறெதுவும் பேசிக்கொள்வதில்லை.

8

இதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

கல்லூரி அந்தக் கச்சேரியை வீடியோவாக வெளியிட்டது. அதில் மகாராணியின் கை தலைக்கு மேலே போகும் இடம் இல்லை. ஊதல் நிறுத்துவது இல்லை. ஒத்திகையில் எடுத்த காட்சிகளை நடுவில் ஒட்டியிருந்தார்கள். மகாராணியின் முகம், மகாராணியின் விரல்கள். கீபோர்டு சாரின் ஒலி. கீழே பொன்னெழுத்துகளில் 'தன்னம்பிக்கை'. ஊரெல்லாம் பார்த்தது. ஒருவர் மற்றவருக்கு அனுப்பி, அழுகிற முகம் போட்டு, கை கூப்பி, மறுபடி அனுப்பினார்கள். எனக்கே நான்கு பேர் அனுப்பினார்கள்.

ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் மகாராணியோடு நின்றிருந்தேன். முன்பின் தெரியாத ஓர் அம்மாள் வந்து அவள் கன்னத்தைத் தடவினார்.

"கண்ணு, நீதானே அது! உன் வாசிப்பைக் கேட்டு அப்படி அழுதேன்."

"அது நான் வாசிக்கல."

"பாரேன், எவ்ளோ அடக்கம்!"

"அடக்கம் இல்ல. நிஜமாவே நான் வாசிக்கல. என் வாசிப்பு வேற மாதிரி இருக்கும். லேட்டா வரும்."

"கடவுள் உனக்கு எல்லாக் குறையையும் வெச்சு, குணத்தைத் தங்கமா வெச்சிருக்கார்" என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னார். என்னை அவள் அம்மா என்று நினைத்திருக்க வேண்டும். பேருந்து வந்தது. படி உயரம். நாங்கள் ஏறவில்லை. அந்த அம்மாள் ஏறி, ஜன்னல் வழியாகக் கையசைத்தார்.

மகாராணி சொன்ன சொல்லை அச்சில் போட முடியாது. அதே சொல்தான் என் மனதிலும் இருந்தது.

இந்த வீடியோவைப் பார்த்துத்தான் இந்த வருடமும் கச்சேரி வேண்டும், அதே பெண் வேண்டும் என்று கட்டடக்காரர் கேட்டிருக்கிறார். அதனால்தான் மலர். அதனால்தான் எனக்குத் தொலைபேசி.

9

இதுவரை எழுதியதை மகாராணியிடம் கொடுத்தேன். புது அறையில், ஜன்னலோரம், கைப்பேசியில் படித்தாள். மெதுவாகப் படித்தாள். இடையில் இரண்டு முறை சிரித்தாள். ஐந்தாம் பகுதியில் நிறுத்தினாள்.

"எழுத்தாளரே."

"சொல்லு."

"இதுல நான் ரொம்ப நல்லாப் பேசறேன்."

"நீ சொன்னதைத்தானே எழுதியிருக்கேன்?"

"நான் எப்போ ஒரே மூச்சுல பேசினேன்? 'திரைக்குப் பின்னாடி இருக்கறவரே, நல்லா வாசிக்கறீங்க, வெளிய வாங்க.' ஒரே வரி. கமா எல்லாம் போட்டு. என் வாயிலேருந்து இது வர எவ்ளோ நேரம் ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? அந்த நேரத்தை எங்க காணோம்?"

நான் அந்தப் பகுதியை எட்டிப் பார்த்தேன்.

"அப்புறம் இன்னொண்ணு. நான் அதை முடிக்கவே இல்ல."

"முடிச்சே. நான் கேட்டேனே?"

"நான் அப்புறமா உங்ககிட்ட சொன்னதைக் கேட்டிருக்கீங்க. ஹால்ல நான் முடிக்கல. என் வாக்கியத்தை நீங்க முடிச்சிருக்கீங்க. கீபோர்டு சார் மாதிரி."

கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். "திருத்துங்க."

(அவள் இங்கே பேசியதையும் நான் நேர்வரிகளாகத்தான் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் இடையே அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் வெளியே ஒரு லாரி பின்பக்கமாக வந்து, சரக்கை இறக்கி, போயும் விட்டது. அதைப் பக்கத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியவில்லை. ஓர் இடத்திலாவது முயற்சி செய்கிறேன்.)

திருத்தம்.

மகாராணி மைக்கை இழுத்தாள். "தி" என்றாள். வாய் திறந்தபடி நின்றது. முன்வரிசையில் யாரோ உதவி செய்கிற மாதிரி தலையை அசைத்தார். "திரை... க்கு." ஒருவர் இருமினார். திரைக்குப் பின்னால் கீபோர்டு இன்னும் வாசித்துக்கொண்டிருந்தது. "பின்... னா... டி." என் பின்னால் ஒரு பெண் "ஐயோ பாவம்" என்றாள். அக்கா என் கையைப் பிடித்தாள். மேடையோரம் முதல்வர் யாருக்கோ விரலைச் சுழற்றிச் சைகை காட்டினார். "இருக்... கற... வரே." கீபோர்டு நின்றது. யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். "நல்லா..." மகாராணியின் கழுத்து நரம்பு புடைத்தது. "வாசிக்... கறீங்க."

அரங்கம் எழுந்து நின்றது. அவள் நன்றி சொல்வதாக நினைத்துவிட்டார்கள். கைதட்டல் கூரையை முட்டியது. அழுதார்கள். திரை இறங்கியது. "வெளிய வாங்க" என்பதை அவள் துணியிடம் சொன்னாள். திரைக்கு முன்னால் கட்டடக்காரர் காசோலை கொடுத்துக்கொண்டிருந்தார்.

இதுதான் நடந்தது. நான் முதலில் எழுதிய பதிப்பில் அவள் ஜெயித்தாள். அவள் ஜெயித்தால் நமக்கு நிம்மதியாக இருக்கிறது என்பதற்காக.

10

முடிவுகள்.

முதலாவது, மலருக்கு: இந்த வருடக் கச்சேரியில் முதல்வர் மேடையில் தவறை ஒப்புக்கொள்கிறார், பிள்ளைகள் எல்லோரும் வாசிக்கிறார்கள், நிரந்தரமான சாய்வுப் பாதை திறந்துவைக்கப்படுகிறது. அவர் கேட்ட கண்ணீர் கியாரண்டி. முதல்வர் மேடையில் தவறை ஒப்புக்கொள்கிற பிறவி என்றால் நான் ஏன்...

இரண்டாவது, என் கோபத்துக்கு: மகாராணி மேடையேறி ஒரு கட்டையைக்கூடத் தொடாமல் பாட்டு முடியும்வரை கையைத் தூக்கியே வைத்திருக்கிறாள். அழகான படம். ஆனால் இது அவளுக்கு வேண்டியது அல்ல, எனக்கு வேண்டியது. அவளுக்கு வாசிக்கத்தான் ஆசை.

மூன்றாவது முடிவை நான் எழுத முடியாது. கச்சேரி இன்னும் நடக்கவில்லை.

நடந்தது வரைக்கும் சொல்கிறேன். மகாராணி முதல்வரைப் போய்ப் பார்த்தாள். பிள்ளைகளும் வாசிக்க வேண்டும், அவளுடைய கீபோர்டின் ஒலிதான் அரங்கத்தில் கேட்க வேண்டும் என்றாள். "கண்டிப்பா, கண்டிப்பா" என்றார் முதல்வர். இரண்டு முறை சொன்னதுதான் அவளுக்கு உறுத்தியது.

நேற்று மாலை புது அறையில் ஒத்திகை. பிள்ளைகள் வாசித்து முடித்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பார்வையில்லாத பையனின் கையைப் பிடித்துக்கொண்டு தையல்காரம்மா வாசலில் செருப்பு தேடினார். ஊதல் ட்ரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். இடி தண்ணீர் குடித்தான். என் அக்கா மகள் வில்லுக்கு ரோசின் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மகாராணி சக்கரத்தைத் திருப்பி அவள் முன்னால் வந்து நின்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு இசையைத் தவிர்த்த முதல் பேச்சு. இதை எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு கேட்டாள் என்பதை நீங்களே வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

"இந்த வருஷம்... உன்கிட்ட... யாராவது... ஏதாவது... கேட்டாங்களா?"

பிசின் தேய்த்த கை நின்றது. ஊதல் தலையைத் தூக்கினான். தையல்காரம்மா ஒற்றைச் செருப்போடு நின்றுவிட்டார்.

என் அக்கா மகள் பதில் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், தெளிவாகவே காதில் விழுந்தது. எழுதப் போவதில்லை. அக்காவுக்குப் பயந்து அல்ல. எழுதினால் நீங்கள் அவளைத் திட்டவோ மெச்சவோ தொடங்கி, உங்கள் சட்டையை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள்.

அதனால் உட்காருங்கள். வில் உங்கள் கையில் இருக்கிறது. மதியம் உங்களை ஓர் அறைக்கு அழைத்தார்கள், நீதான் பொறுப்பான ஆள் என்றார்கள், பிள்ளைகளை நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். இப்போது அவள் உங்கள் முன்னால் சக்கரத்தை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அவசரமே இல்லை.

சொல்லுங்கள்.